வீட்டுக்குப் பின்னால் ஷட்டில் கோர்ட்: சத்தத்தைக் குறைக்க என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் இடிந்த பழைய வீடுகளின் மனைகளிலும், நெடுநாள் பூட்டிக் கிடந்த காலி இடங்களிலும் இப்போது தகரக் கூரை போட்ட ஷட்டில் கோர்ட்டுகள் எழும்புகின்றன. சில இடங்களில், கெட்டி மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடும் பிக்கிள்பாலும் வந்துவிட்டது. விளையாட்டு நல்லதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் நம் பகுதி மனைகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீள மனைகள் என்பதால், ஒரு வீட்டின் மூன்றாங்கட்டுக்கு அடுத்தாற்போலவே இன்னொருவரின் கோர்ட் அமைந்துவிடுகிறது. வானம் பார்த்த வளவு (உள்முற்றம்) வழியாக அந்தச் சத்தம் நேராக வீட்டுக்குள் இறங்குகிறது.

எங்கள் தெருவில் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் பல அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கிய பிறகு, எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எதற்கு எந்தத் தாள் வேண்டும், எங்கே காலம் வீணாகிறது என்பது ஓரளவு பிடிபட்டது. இந்தச் சிக்கலில் புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் கோரிக்கை கோர்ட்டை மூட வேண்டும் என்பதா, அல்லது குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட சத்தம் நிற்க வேண்டும் என்பதா? முதலாவதைக் கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர்களுக்குப் பேச்சுவார்த்தையிலேயே பாதிக்கு மேல் கிடைத்துவிடுகிறது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினருக்கானது.

1. எந்தச் சத்தம் என்பதைப் பிரித்து எழுதி வையுங்கள்

"ஒரே இரைச்சல்" என்று மனு எழுதினால் எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய இயலாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சத்தத்தின் வகை, வீட்டின் எந்தப் பகுதியில் கேட்டது என்ற ஐந்தையும் இரண்டு வாரங்களாவது விடாமல் குறித்து வாருங்கள். சத்தம் இல்லாத நாட்களையும் எழுதுங்கள். அந்த வெற்று நாட்கள்தான் உங்கள் குறிப்பேட்டுக்கு நம்பகத்தன்மை தருபவை.

வகை பிரிப்பது ஏன் முக்கியமென்றால், ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. பேட்டில் இறகுப்பந்து படும் ஓசை, ஷூ தரையில் தேயும் கிறீச்சொலி, ஸ்மாஷ் அடிக்கும்போது எழும் கூச்சல், ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு, வாசலில் பைக்குகள் கிளம்பும் உறுமல், விளையாடி முடித்தபின் தெருவில் நின்று பேசுவது ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தே நாம் "ஷட்டில் சத்தம்" என்கிறோம். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால், தூக்கத்தைக் கெடுப்பதில் பெரும்பகுதி பந்தின் ஓசையன்று, பைக்கும் பேச்சும்தான் என்று தெரியவரலாம். அப்படியானால் சுவர் எழுப்பச் சொல்லிச் சண்டையிடுவது வீண். வண்டி நிறுத்தும் இடத்தை மாற்றச் சொன்னாலே போதும்.

பிக்கிள்பால் மட்டும் தனி வகை. கெட்டியான மட்டையும் துளையிட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பந்தும் மோதுவதால் எழும் "டொக்" என்ற ஒலி 1,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலான அதிர்வெண்ணில் அமைகிறது. மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் அது வருகிறது, ஒவ்வொரு அடியும் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது, அடுத்தது எப்போது வரும் என்று காது காத்திருக்கிறது. டென்னிஸ் பந்தின் ஓசை இதைவிடத் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவ்வளவு தொல்லை தருவதில்லை. எனவே பிக்கிள்பாலாக இருந்தால், ஐந்து நிமிடத்தில் எத்தனை அடிகள் கேட்டன என்று எண்ணியும் எழுதி வையுங்கள். அதன் பயன் மூன்றாம் படியில் விளங்கும்.

2. சட்டம் எந்த எண்ணைச் சொல்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் வந்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்பதே உங்கள் அடிப்படை ஆவணம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு முறையே 65, 55. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, இரவு என்பது இரவு 10 முதல் காலை 6 வரை.

இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் ஷட்டில் ஆடுபவர்கள் வேலைக்குப் போகும் முன் வருகிறவர்கள், ஆகவே விளக்குகள் காலை ஐந்து மணிக்கே எரிந்துவிடும். "விடிந்துவிட்டதே" என்பது அவர்கள் வாதம். ஆனால் விதியின்படி ஐந்திலிருந்து ஆறு வரையிலான அந்த ஒரு மணி நேரம் இரவுதான், அதற்கு 45 டெசிபல்தான் அளவு. ஊர் அடங்கிக் கிடக்கும் நேரம் என்பதால் மீறலை நிறுவுவதும் அப்போதுதான் எளிது. நடைமுறையில் உங்கள் கையிலுள்ள வலுவான பிடி அந்த ஒரு மணி நேரமே. மற்றக் கோரிக்கைகளையெல்லாம் அதற்குப் பின்னால் வரிசைப்படுத்துங்கள்.

அடுத்து இரண்டு விதிகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஏழாம் விதியின்படி, அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் தரலாம். அதாவது குடியிருப்புப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. ஒலிபெருக்கி போன்றவற்றுக்கான இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலும் அதே விதியின்கீழ் புகார் தரலாம். எட்டாம் விதி இதிலிருந்து மாறுபட்டது. ஓர் இடத்தில் நடத்தப்படும் தொழிலால் எழும் சத்தம் பொதுமக்களுக்குத் தொல்லையாக உள்ளது என்று அதிகாரிக்கு நிறைவு ஏற்பட்டால், அதைத் தடுக்கவோ நேரம் வரையறுக்கவோ எழுத்து மூலம் உத்தரவிடும் அதிகாரத்தை அது அளிக்கிறது. அங்கே 10 டெசிபல் என்ற வாசற்படி இல்லை. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் கோர்ட் தொழில்தான் என்பதை மறக்காதீர்கள். உங்கள் மனுவில் இரண்டு விதிகளையும் குறிப்பிடுங்கள். ஏழாம் விதியை மட்டும் எழுதினால், எண் ஒன்றிரண்டு குறைந்தாலும் மனு முடித்துவைக்கப்படும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. "எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆகவே இது அமைதி மண்டலம்" என்று எழுதுவார்கள். மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் என்பது உண்மையே. ஆனால் 2017-இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு, மாநில அரசு தனியே அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம். அறிவிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் அதை எழுதினால், எதிர்த்தரப்பு முதலில் உடைப்பது அந்த வரியைத்தான்.

3. அளவீடு: எப்போது, எங்கே, எதனால்

கைப்பேசிச் செயலிகள் நாட்குறிப்புக்கு உதவும், சான்றாக நிற்பது கடினம். ஒரே இடத்தில் வைத்த இரண்டு கைப்பேசிகளே வேறு வேறு எண் காட்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க மீட்டர் அதைவிட மேல். ஆனால் அதற்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நீதிமன்றம் வரை போகும் எண்ணமிருந்தால், ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை அழைப்பதே சரி. இடங்களின் எண்ணிக்கை, மணிநேரம், பயணச் செலவு ஆகியவற்றைப் பொறுத்துக் கட்டணம் மாறும் என்பதால், இரண்டு ஆய்வகங்களிடமாவது எழுத்தில் விலைப்புள்ளி கேளுங்கள். செலவைத் தெருவிலுள்ள நான்கைந்து வீடுகள் பகிர்ந்துகொள்வது நல்லது. பணமும் மிச்சம், பின்னால் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார்கள்.

மீட்டரை வீட்டுக்குள் வைக்காதீர்கள். கோர்ட்டை நோக்கிய உங்கள் எல்லையில், திறந்த வெளியில், தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவர்களிலிருந்து இயன்ற அளவு தள்ளி வையுங்கள். காற்றடக்கும் நுரை உறையை மாட்டுங்கள். ஆட்டம் நடக்கும்போது அளந்தால் மட்டும் போதாது. ஆட்டம் இல்லாத நாளில், அதே நேரத்தில், அதே இடத்தில் பின்னணி அளவையும் எடுங்கள். இந்த இரண்டாவது அளவு இல்லாததால்தான் பல அறிக்கைகள் பயனற்றுப் போகின்றன. ரயில்வே ரோட்டு லாரிச் சத்தம்தான் அது என்று யாராவது சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

விதிகள் சொல்லும் அளவு, கருவியில் எல்.இ.க்யூ. என்று வரும் சராசரி. ஒரு மணி நேரச் சராசரியில், கண்ணிமைக்கும் நேரமே நீடிக்கும் பிக்கிள்பால் அடிகள் பெரும்பாலும் கரைந்துபோகும். சராசரி 54 என்று வந்துவிட்டது, எனவே தொல்லையே இல்லை என்று கூறிவிடுவார்கள். ஆகவே சராசரியுடன், ஒவ்வொரு அடியின் உச்ச அளவையும் அறிக்கையில் சேர்க்கும்படி ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு எத்தனை அடிகள் என்று நீங்கள் எண்ணி வைத்ததும் அதனுடன் இணைய வேண்டும். ஏழாம் விதிக்குச் சராசரி, எட்டாம் விதிக்கு உச்சமும் எண்ணிக்கையும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் அளப்பது என்பதும் நம் ஊரில் சாதாரணக் கேள்வியன்று. மார்கழியில் விடியுமுன்னே கோயில்களில் பாட்டுப் போட்டுவிடுவார்கள். ஆடியில் அம்மன் கோயில்கள்தோறும் மைக் செட் கட்டியிருக்கும். இந்த இரண்டு மாதங்களிலும் உங்கள் ஊர்த் திருவிழா நாட்களிலும் எடுத்த அளவை யாரும் ஏற்கமாட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் ஏற்கவும் கூடாது.

கைப்பேசியில் எடுத்த ஒலி, ஒளிப் பதிவுகளை அழிக்காமல் அதே கைப்பேசியில் வைத்திருங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் முன்வைக்கப் பாரதிய சாட்சிய அதிநியம், 2023-இன் 63-ஆம் பிரிவின் கீழ்ச் சான்றிதழ் தேவைப்படும். வாட்ஸாப்பில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தவர்கள் அந்தக் கட்டத்தில் திண்டாடுவார்கள்.

4. மனை யாருடையது, நடத்துபவர் யார், அனுமதி எது

இந்தப் படி மற்ற ஊர்களில் ஒரு நாளில் முடியும். செட்டிநாட்டில் முடியாது. கோர்ட் நிற்கும் மனை பெரும்பாலும் ஒருவருடையதாக இருக்காது. பங்காளிகள் பலருக்குப் பங்கு இருக்கும், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். வாடகைக்கு விட்டது அவர்களில் ஒருவராக இருக்கும், மற்றவர்களுக்குச் செய்தியே தெரிந்திருக்காது. கோர்ட்டை நடத்துபவர் இன்னொருவர். ஆகவே நோட்டீஸ் கொடுக்கும்போது நடத்துபவர், வாடகைக்கு விட்டவர், உங்களுக்குத் தெரிந்த மற்றப் பங்குதாரர்கள் என்று எல்லோருக்கும் நகல் போக வேண்டும். பல நேரங்களில், தகவல் தெரியாதிருந்த ஒரு பங்குதாரர் தொலைபேசியில் பேசிய ஒரு பேச்சே, மனுக்கள் செய்யாததைச் செய்துவிடும்.

உரிமையாளர் பெயரைப் பட்டா, நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கிறது. கட்டட அனுமதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐப் பயன்படுத்துங்கள். காரைக்குடியோ அதனுடன் இணைந்துவிட்ட கோட்டையூரோ ஆனால் மாநகராட்சி, தேவகோட்டையானால் நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் போன்றவையானால் அந்தந்தப் பேரூராட்சி, கிராம ஊராட்சியானால் வட்டார வளர்ச்சி அலுவலகம் ஆகியவற்றின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக மனுவில் ஒட்டலாம். பதிலுக்கு 30 நாட்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த வேலையை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். அளவீடும் பேச்சும் நடந்துகொண்டிருக்கும்போதே பதில் வந்துசேரும்.

கேள்வியாகக் கேட்காதீர்கள், நகலாகக் கேளுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்" என்பதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். "இன்ன கதவு எண்ணுள்ள மனையில் எழுப்பப்பட்டுள்ள கூரைக் கட்டுமானத்துக்கு வழங்கப்பட்ட கட்டட அனுமதி, அதனுடன் இணைந்த வரைபடம், வழங்கப்பட்ட தொழில் உரிமம், அந்த மனையின் நிலப் பயன்பாட்டு வகை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள்" என்று எழுதுங்கள். இவற்றில் எது இல்லை என்று பதில் வருகிறதோ, அது உங்கள் மனுவின் முதல் இணைப்பு.

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. மின் இணைப்பு எந்த வகை, சொத்து வரி கட்டினார்களா என்று ஒவ்வொன்றாகக் கிளறத் தொடங்கினால், சத்தத்தைப் பற்றிய புகார் பழிவாங்கலாக மாறிவிடும். நடத்துபவர் உங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டு வக்கீலிடம் போய்விடுவார்.

5. பேசும்போது எதைக் கேட்க வேண்டும்

மனுவுக்கு முன் பேச்சு. பெரும்பாலான நடத்துநர்கள் கடன் வாங்கித் தொழில் தொடங்கிய உள்ளூர் இளைஞர்கள். மரியாதையாகப் பகல் நேரத்தில், ஆட்டக்காரர்கள் இல்லாதபோது, இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து போங்கள். இரு தரப்பும் மதிக்கும் பெரியவர் ஒருவர், நகரச் சிவன் கோயில் நிர்வாகத்தில் இருப்பவரோ தெருவில் மூத்த ஆச்சியோ, உடன் வந்தால் பேச்சின் தொனியே மாறும். "தம்பி, கோர்ட் நல்லா நடக்கணும், நாங்களும் தூங்கணும்" என்று தொடங்கினால் எதிரே இருப்பவருக்கு நாற்காலி எடுத்துப் போடத் தோன்றும்.

கேட்பதைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்துங்கள். செலவே இல்லாதவை: காலை 6 மணிக்கு முன் ஆட்டம் கூடாது, இரவு 9 அல்லது 9.30-க்கு முடிக்க வேண்டும், இரண்டு மூன்று கோர்ட்டுகள் இருந்தால், அதிகாலையிலும் பின்னிரவிலும் வீடுகளுக்குத் தொலைவிலுள்ள கோர்ட்டை மட்டும் திறக்க வேண்டும், பாட்டு கூடாது, வண்டிகளை வீட்டு வாசல் பக்கம் நிறுத்தக் கூடாது, மார்ச், ஏப்ரல் பொதுத் தேர்வு நாட்களில் இரவு நேரத்தை மேலும் குறைக்க வேண்டும். முன்பதிவுச் செயலியிலேயே காலை ஐந்திலிருந்து ஆறு வரையிலான நேரத்தை நீக்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக இருக்கும் வரை, வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் வற்புறுத்தினால் கதவு திறந்துவிடும்.

கொஞ்சம் செலவுள்ளவற்றில் முதன்மையானது கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஷட்டிலுக்குக் காற்று ஆகாது, ஆகவே நான்கு பக்கமும் மூடித்தான் கட்டுவார்கள். ஆனால் நம் வெயிலுக்குத் தகரக் கொட்டகைக்குள் நிற்க முடியாது என்பதால், கூரைக்குக் கீழே சுற்றிலும் இரண்டு மூன்று அடி திறந்து விட்டிருப்பார்கள். சத்தம் வெளியேறுவது அந்த வழியாகத்தான். வீடுகளை நோக்கிய பக்கத்தில் மட்டும் அதை மூடிவிட்டு, காற்றுக்கான திறப்பையும் எக்ஸாஸ்ட் விசிறிகளையும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். உள்ளே, கூரைத் தகரத்தின் அடியில் ராக்வூல் எனப்படும் பாறையிழைப் பலகைகள் பொருத்தினால் எதிரொலி வெகுவாகத் தணியும். வெப்பமும் குறையும் என்பதை நடத்துபவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், அதற்காகவே அவர் ஒப்புக்கொள்ளலாம்.

திறந்தவெளிப் பிக்கிள்பால் கோர்ட்டாக இருந்தால் தடுப்புச் சுவர்தான் வழி, அதிலும் சில கணக்குகள் உண்டு. பச்சை நிற நிழல்வலை சத்தத்தை நிறுத்தாது. செடி கொடிகளும் நிறுத்தா. தடுப்பு கனமாக இருக்க வேண்டும், இடைவெளியின்றித் தரையைத் தொட வேண்டும், மட்டை பந்தை அடிக்கும் இடத்துக்கும் உங்கள் சன்னலுக்கும் இடையிலான நேர்ப்பார்வையை மறைக்க வேண்டும். நேர்ப்பார்வை மறைந்ததுமே ஏறத்தாழ 5 டெசிபல் குறையும், உயரம் கூடினால் 10 வரை எதிர்பார்க்கலாம். காதுக்கு 10 டெசிபல் குறைவு என்பது சத்தம் பாதியானது போலத் தோன்றும், 3 டெசிபல் குறைவு அரிதாகவே உணரப்படும். மெத்தை வீட்டு மேல்மாடியில் படுப்பவர்களுக்கு எட்டடிச் சுவரால் பயன் கிட்டத்தட்ட இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் சுவரே போதும் என்று ஒப்புக்கொண்டால், கட்டிய பிறகு திரும்பப் பேசவும் முடியாது. தொலைவும் ஒரு கருவிதான்: திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். பதினைந்து மீட்டரில் இருக்கும் கோர்ட்டை முப்பது மீட்டருக்கு நகர்த்த முடிந்தால், சுவர் செய்யும் வேலையை அதுவே செய்துவிடும்.

பிக்கிள்பாலில் மட்டையையும் பந்தையும் மாற்றலாம். நுரைப் பந்துகள் பயிற்சிக்குப் போதும். ஒலி குறைந்த கருவிகளுக்கென அமெரிக்கப் பிக்கிள்பால் அமைப்பு தனி வகையே வைத்திருக்கிறது. காலை நேரத்துக்கு மட்டுமாவது அவற்றைக் கட்டாயமாக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.

6. பேசியதை எழுத்தில் வையுங்கள்

ஒப்புக்கொண்டவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, தேதியிட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாளில் எழுதினால் மதிப்புக் கூடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் உண்டு. எழுதுங்கள், தவறில்லை, ஆனால் முக்கியமானது உள்ளடக்கம். "சத்தம் இல்லாமல் நடத்துவேன்" என்ற வரி பயனற்றது. "காலை 6.00 மணிக்கு முன்பும் இரவு 9.30 மணிக்குப் பின்பும் விளக்கு எரியாது" என்பது யாரும் சரிபார்க்கக்கூடிய வரி. கூரை வேலைக்கு முடிவுத் தேதி போடுங்கள். தேதியில்லாத வாக்குறுதி அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிப்போகும்.

பேச்சு முறிந்தால், அதே கோரிக்கைகளை அதே வரிசையில் கடிதமாக எழுதி, பட்டுவாடா ஆனதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். பதிலுக்குப் பதினைந்து நாட்கள் கொடுங்கள். வக்கீல் நோட்டீஸ் இந்தக் கட்டத்தில் வேண்டாம் என்பேன்.

7. மனு யாரிடம், எந்த இணைப்புகளுடன்

ஒலி விதிகளின்படி அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது துணைக் காவல் கண்காணிப்பாளருக்குக் குறையாத பதவியில் நியமிக்கப்பட்டவர். ஆகவே உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. நிலையத்தில் மனு கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அதன் நகலை இணைத்துத் துணைக் கண்காணிப்பாளருக்கும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஒரே உள்ளடக்கத்துடன் கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதியலாம், ஆனால் அந்த மனுவும் சுற்றிச் சுற்றி அதே அலுவலகத்துக்குத்தான் வரும்.

முதலில் உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று பாருங்கள் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. இராயவரம், கோனாபட்டு பக்கத்தவர்கள் புதுக்கோட்டை ஆட்சியரிடம் போக வேண்டும். காரைக்குடி வட்டத்தவர்களுக்கு வருவாய்க் கோட்டம் தேவகோட்டை.

மனுவுடன் இணைக்க வேண்டியவை: உங்கள் முகவரிச் சான்று, கையால் வரைந்ததாயினும் தூரம் குறித்த இட வரைபடம், இரண்டு வார நாட்குறிப்பின் நகல், அளவீட்டு அறிக்கை, தகவல் உரிமைச் சட்டப் பதில், நீங்கள் அனுப்பிய கடிதமும் அஞ்சல் அத்தாட்சியும், வீட்டில் குழந்தையோ நோயாளியோ இருந்தால் மருத்துவர் சான்று. ஒவ்வொரு நகலிலும் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கையெழுத்துகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பொதுத் தொல்லை என்று நிறுவ ஒரு வீட்டின் புகார் போதாது. ஆனால் நம் தெருக்களில் பத்து வீட்டில் ஆறு பூட்டியிருக்கும். காவல்காரரிடமோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமோ கையெழுத்து வாங்கினால், "இவருக்கு இந்த வீட்டில் என்ன உரிமை" என்ற கேள்வி வரும். வெளியூரிலிருக்கும் உரிமையாளரிடம் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, மூலத்தைப் பின்னர் அஞ்சலில் பெறுங்கள். அவர் ஊருக்கு வந்து தங்கும் நாட்களையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். தெருவில் உண்மையில் குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்களானாலும் அவர்கள் கையெழுத்துக்குத்தான் எடை அதிகம்.

தொல்லை தொடர்ந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023-இன் 152-ஆம் பிரிவின் கீழ் நிபந்தனை உத்தரவு கோரிக் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இதுதான். பழைய எண்ணைப் போட்டு எழுதிய மாதிரி மனுக்கள் இன்னும் சுற்றுகின்றன, அவற்றை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

போட்டி நடத்தும் நாட்கள் வேறு கதை. மைக் செட் கட்ட எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம் என்ற விதியைப் போட்டி அமைப்பாளர்கள் காட்டுவார்கள். ஷட்டில் போட்டி சமய விழா அன்று. அந்த இரவிலேயே 100 அல்லது 112-ஐ அழைத்துவிடுங்கள். மறுநாள் கொடுக்கும் புகாரால் அந்த இரவு திரும்பி வராது.

8. நீதிமன்றத்துக்குப் போகுமுன் ஒரு நிறுத்தம்

வட்டச் சட்டப் பணிகள் குழுவில், வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய நிலையிலேயே மனுக் கொடுத்து, எதிர்த்தரப்பை அழைத்துப் பேசவைக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. உடன்பாடு ஏற்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் அது தீர்வாகப் பதிவானால், நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரான வலு அதற்கு உண்டு, மேல்முறையீடும் கிடையாது. ஆறாம் படியில் எழுதிய ஒப்பந்தத்தை நடத்துபவர் மீறும்போது, என் கணக்கில் அடுத்து நாட வேண்டிய இடம் இதுவே.

அதுவும் பலிக்காவிட்டால், மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் தனிப்பட்ட தொல்லைக்காக நிரந்தரத் தடையாணை கோரி வழக்கு. இதற்கு ஊர்க் கையெழுத்து தேவையில்லை, உங்கள் ஒரு வீடு போதும். வழக்குடன் இடைக்காலத் தடை மனுவும், வழக்கறிஞர் ஆணையரை நியமித்து இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை பெறும் மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஆணையர் வரும் நேரம் காலை ஐந்தரையாக இருக்க வேண்டும் என்று கோருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் காலிக் கொட்டகையைத்தான் பார்த்துவிட்டுப் போவார். ஆணையர் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். வக்கீலிடம் மொத்தக் கட்டணத்தையும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. இத்தகைய மனைகளின் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதப்படுகின்றன. நடத்துபவர் மாறினால், பழையவர் கையெழுத்திட்ட தாள் புதியவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே உடன்பாட்டின் நகலை மனை உரிமையாளர்களுக்கும் அனுப்பி, அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் அந்த நேர வரம்பை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி எழுத்தில் கேட்டு வையுங்கள்.